கீபோர்டை அணைத்துவிட்டுப் பாடிப் பார்ப்போம்: வழிபாட்டுப் பணிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக மறைமாவட்டங்களின் வழிபாட்டுப் பணிக்குழுக்களில் பொறுப்பில் இருக்கும் தந்தையர்க்கும் அருள்சகோதரிகளுக்கும் பொதுநிலையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற தவக்காலத்தில் நம் பங்குகளில் பாடற்குழு மட்டுமல்ல, மக்களும் சேர்ந்து கிரகோரியன் இசையில் (தாளக்கட்டு இல்லாமல் எல்லாரும் ஒரே மெட்டாகப் பாடும் திருச்சபையின் பழைய வழிபாட்டு இசை) ஐந்தாறு சின்னப் பகுதிகளைப் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நீங்கள் வழி செய்ய வேண்டும். பழைய இலத்தீன் திருப்பலி திரும்ப வேண்டும் என்று கேட்கும் கடிதம் இல்லை இது. தமிழ்ப் பாடல்களை ஒழிக்கச் சொல்லும் கடிதமும் இல்லை. ஒரு சாதாரணப் பங்கின் பாடற்குழுவில் பல வருடமாக ஆர்மோனியமும் அப்புறம் கீபோர்டும் வாசித்து வருகிறவன் நான். ஞாயிறுதோறும் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். சனிக்கிழமை மாலை ஒத்திகை. யாரோ யூடியூபில் கேட்ட புதுப் பாட்டு ஒன்று வரும். பல்லவி, இடையிசை, இரண்டு சரணம். கீபோர்டில் ரிதத்தைத் தட்டிவிட்டால் தபலாவும் டிரம்ஸும் தானாக ஓடும். ஞாயிறு காலை வருகைப் பாடலுக்கு நாங்கள் அதைப் பாடுவோம். மக்கள் எழுந்து நின்று கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் சாமியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று வாசிப்பார். கோவில் முழுக்க ஒரு முணுமுணுப்பு பதிலாக வரும். காணிக்கைக்கு இன்னொரு பாட்டு, திருவிருந்துக்கு இரண்டு, கடைசியில் நன்றிப் பாட்டு. இவற்றுக்கு நடுவே "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்று குரு அழைப்பதும் நாம் பதில் சொல்வதும் வெறும் பேச்சாகவே கடந்துவிடும்.

திருச்சபை கேட்டது இதற்கு நேர் எதிரான வரிசை. வழிபாட்டு இசை பற்றி 1967 மார்ச் 5 அன்று வெளியான 'மூசிகாம் சாக்ராம்' அறிவுரை, பாட வேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் இருப்பவை குருவின் வாழ்த்தும் மக்களின் பதிலும், மன்றாட்டுகள், நற்செய்தி வாழ்த்தொலி, தொடக்கவுரை உரையாடல், 'தூயவர்', நற்கருணை மன்றாட்டின் முடிவுப் புகழுரை, கர்த்தர் கற்பித்த செபம், பிரியாவிடை. இரண்டாம் படியில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', விசுவாச அறிக்கை போன்றவை வருகின்றன. வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படியில்தான். மூன்றாம் படியை முதல் படி இல்லாமல் தனியாகப் பாடக் கூடாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. நாம் மூன்றாம் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு முதல் இரண்டையும் வாசித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

முதல் படியை எந்த இசையில் பாடுவது? அங்கேதான் கிரகோரியன் இசை வருகிறது. குருவுக்கும் மக்களுக்கும் இடையே நடக்கும் உரையாடலுக்காகவே அளவெடுத்து அமைந்த மெட்டுகள் அதில் இருக்கின்றன. இரண்டு மூன்று சுரத்துக்குள் முடிந்துவிடும். இசை ஞானமே இல்லாத சாமியாரும் பாடலாம், காது மந்தமான பாட்டியும் பதில் சொல்லலாம்.

இது நம் மக்களுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களைப் பெரிய வெள்ளி மாலைக்கு அழைத்துப் போக வேண்டும். பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' முடிந்ததிலிருந்து மணி இல்லை, கீபோர்டு மூடிக் கிடக்கிறது. குரு திருச்சிலுவையை உயர்த்தி "திருச்சிலுவை மரம் இதோ" என்று ஒற்றைக் குரலில் பாடுகிறார். முதல் முறை குரல் தாழ்ந்திருக்கும், இரண்டாம் முறை கொஞ்சம் ஏற்றுவார், மூன்றாம் முறை இன்னும் மேலே. ஒவ்வொரு முறையும் "வருவீர் ஆராதிப்போம்" என்று மொத்தக் கோவிலும் அவர் ஏற்றிய சுருதியிலேயே சரியாகப் போய்ப் பிடிக்கும். அதற்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை, தாளில் அச்சடித்துக் கொடுப்பதும் இல்லை. மறுநாள் இரவு பாஸ்கா மெழுகுதிரியோடு வரும்போது கிறிஸ்துவின் ஒளியை மூன்று முறை ஏற்றிப் பாடுவதும் அதே முறைதான். புனிதர் மன்றாட்டுமாலை இன்னொரு சான்று. குருப்பட்டத் திருப்பலியில் திருத்தொண்டர் முகங்குப்புறக் கிடக்க, பெயர் பெயராகப் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது பெயருக்குள் எல்லார் வாயிலும் பதில் வந்து உட்கார்ந்துவிடும். இசையே தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிற அதே மக்கள்தான். வருடத்தில் மூன்று நாளுக்கு முடிகிறது, மற்ற நாளுக்கு ஏன் முடியாது?

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனையும் கிரகோரியன் இசையையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உரோமை வழிபாட்டுக்கு உரிய இசை கிரகோரியன் என்றும், மற்றவை சமமாக இருக்கும்போது அதற்கே முதலிடம் தர வேண்டும் என்றும் 116-ஆம் எண் சொல்கிறது. தங்களுக்கு உரிய திருப்பலிப் பகுதிகளை மக்கள் இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வழி செய்யுங்கள் என்கிறது 54. சிறிய கோவில்களுக்கு எளிய மெட்டுகள் அடங்கிய பதிப்பு வேண்டும் என்கிறது 117. அதன்படியே 1967-இல் 'கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்' வந்தது. பிறகு 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், எல்லா மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய குறைந்தபட்சப் பாடல்களை 'யூபிலாத்தே தேயோ' என்ற சின்னப் புத்தகமாகத் தொகுத்து உலகமெங்கும் உள்ள ஆயர்களுக்கு அனுப்பினார். அந்தப் புத்தகத்தை நம் பங்குகளில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

"வெள்ளைக்காரன் பாட்டு நமக்கு எதுக்கு" என்ற கேள்வியைப் பாடற்குழுவிலேயே கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். சங்கத்துக்கு முன்னால் எல்லாம் பொன்மயமாக இருந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். உபதேசியாரும் நாலைந்து பேரும் இலத்தீனில் பாடுவார்கள், மற்றவர்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மக்கள் வாயில் இந்த இசை திரும்ப வர வேண்டும் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22 அன்றே எழுதினார். நம் ஊர்களில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. அதே ஆவணம் பெண்களைப் பாடற்குழுவில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. இன்று நம் பங்குகளில் பெண் பிள்ளைகளும் சிஸ்டர்களும் இல்லையென்றால் பாடற்குழுவே கிடையாது. ஆக, பழையது எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்து வைக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் இது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. பெயர் திருத்தந்தை பெரிய கிரகோரியாரைச் சுட்டினாலும், 604-இல் இறந்த அவர் இந்த மெட்டுகளை இயற்றினார் என்பது பிற்காலக் கதை. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் உரோமை மெட்டுகளும் பிராங்கு நாட்டு வழக்கங்களும் கலந்து உருவானது இது. நடுவில் சிதைந்தும் போனது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் சொலேம் மடத்துத் துறவிகள் பழைய கையெழுத்துச் சுவடிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு மீட்டெடுத்தார்கள். 1889 முதல் சுவடிகளின் படங்களையே வரிசையாக அச்சிட்டார்கள். அவர்கள் உழைப்பை அடியாகக் கொண்டு 1908-இல் வத்திக்கான் பதிப்பு வந்தது. அவர்களுக்கே மறந்துபோய், மறுபடி கற்றுக்கொண்ட இசைதான்.

தமிழ்க் காதுக்கு இது அந்நியமா என்று கேட்டால், தாளக்கட்டு இல்லாமல் பாடுவதுதான் இதில் முக்கியம், அது நமக்குப் பழகிய சங்கதி என்பேன். கச்சேரியில் மிருதங்கம் ஓய்ந்திருக்க விருத்தம் பாடுவதைக் கேட்டிருக்கிறோம். ஓதுவார்கள் தாளமின்றிப் பதிகம் பாடுவதைச் சுத்தாங்கம் என்பார்கள். சொல்லின் ஓட்டம்தான் அங்கே நடை, சொல் நிற்குமிடத்தில் இசையும் நிற்கும். கிரகோரியனிலும் அதேதான். அதன் மெட்டுகளை எட்டு 'முறை'களாக, அதாவது சுரக்கட்டுகளாக, பிரிப்பார்கள்; அவற்றின் சுரவரிசைகளும் நமக்குத் தெரிந்தவை. முதல் முறையின் சுரங்கள் கரகரப்பிரியாவில் இருப்பவை, மூன்றாவது, தோடியின் சுரங்கள், ஐந்தாவது கல்யாணி, ஏழாவது அரிகாம்போதி. ஐந்தாவதில் மத்திமம் இறங்கிவிட்டால் சங்கராபரணம் வந்துவிடும். ஆனால் சுரவரிசை ஒன்று என்பதால் ராகமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் சங்கீதம் படித்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். காந்தாரத்தைக் கண்டதும் அசைக்கக் கை துறுதுறுக்கும். கமகம் போட்டால் கெட்டது. சுரம் நேராக நிற்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தவறவிடுகிறார்கள்.

நான்கு கோட்டில் சதுர சதுரமாக இருக்கும் சுரக்குறிப்பை முதல் நாளே நீட்டினால் பாதிப் பேர் அடுத்த வாரம் வர மாட்டார்கள். வாய்ப்பாடமாகவே தொடங்கலாம், பிறந்ததும் அப்படித்தானே? நம் பிள்ளைகளில் பலருக்கு ச ரி க ம தெரியும். 'சால்வே ரெஜினா' என்ற மாதா பாடலின் எளிய மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "சால்-வே ரே-ஜீ-னா" என்ற ஐந்து அசைக்கும் ஸ க ப த ப, சங்கராபரண சுரங்கள். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடினால் இந்த அடி ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அடுத்த சொல்லான "மாத்தேர்" நேராக மேல் ஷட்ஜத்தில் ஏறுகிறது. சுருதியை உயரமாகப் பிடித்திருந்தால் அங்கே ஆண்கள் அமைதியாகிவிடுவார்கள், பெண்கள் கீச்சிடுவார்கள். நான்கு கோட்டுக் குறிப்பில் நிலையான சுருதி கிடையாது, பாடுகிறவர்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் தொடங்கினால் காலை ஐந்தரை மணிப் பூசைக்கு வந்த தொண்டையும் எட்டிப் பிடிக்கும்.

அசைக்கு ஏறக்குறைய ஒரே அளவு, சொற்றொடர் முடியும்போது மட்டும் லேசாக நீட்டல். கால் தாளம் போடும், தொடையில் விரல் தட்டும். பழக்கதோஷம், முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். எல்லாரும் சேர்ந்து மூச்சுவிடும் இடத்தைப் பழகிவிட்டால் தாளம் தானாக உதிர்ந்துவிடும்.

பிள்ளைகள் சோர்ந்தால் குய்தோவின் கதையைச் சொல்லலாம். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் சிறுவர்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்த துறவி அவர். திருமுழுக்கு யோவானைப் புகழும் ஒரு பாடலில் முதல் ஆறு சொற்றொடர்களும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் மேலே தொடங்கும். அவற்றின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்: உத், ரே, மி, ஃபா, சொல், லா. இன்று கீபோர்டு வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் டோ ரே மி கோவில் பாட்டிலிருந்து போனது என்றால் கண்கள் விரியும்.

கீபோர்டைப் பற்றி. அதை வாசிக்கிறவனே சொல்கிறேன், அணைத்துவிடுங்கள். கார்டு பிடித்துத் துணை வாசித்தால் மக்கள் கீபோர்டைக் கேட்பார்கள், பக்கத்தில் நிற்பவரைக் கேட்க மாட்டார்கள். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்க மட்டும்தான் என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையில் 313-ஆம் எண்ணில் ஏற்கெனவே இருக்கும் விதி. நாம் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். பாடற்குழுவின் மைக்குகளையும் குறையுங்கள். ஆறு மைக், நாலு ஸ்பீக்கர் பெட்டி வைத்து அலறினால் கீழே இருப்பவர் வாய் திறந்து என்ன பயன்? புதுச்சேரி சம்பா கோவில் போன்ற உயர்ந்த கூரைக் கோவில்களில் மைக் இல்லாமல் ஒரே சுரத்தைப் பாடிப் பாருங்கள், கட்டடமே உடன் பாடும். தாழ்ந்த கான்கிரீட் தளமும் மின்விசிறிச் சத்தமும் உள்ள நம் புதுக் கோவில்களில் அந்தச் சுகம் கிடைக்காது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை, குரல்கள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

எதில் தொடங்குவது? 'மிஸ்ஸா தே ஆஞ்செலிஸ்' என்ற இலத்தீன் திருப்பலி மெட்டுத் தொகுப்பிடம் எல்லாரும் ஓடுவார்கள். பழைய காலத்துக்காரர்களுக்குத் தெரிந்தது, இனிமையானது. ஆனால் அதன் 'கீரியே' ('ஆண்டவரே இரக்கமாயிரும்') ஓர் அசைக்குச் சுரங்களை அள்ளிக் கொட்டி நெளியும், புதியவர்களுக்குக் கடினம். அது பிற்காலத்தது வேறு. 'யூபிலாத்தே தேயோ'வில் இருக்கும் 16-ஆம் எண் 'கீரியே', 18-ஆம் எண் 'சாங்த்துஸ்' ('தூயவர்'), 18-ஆம் எண் 'ஆஞ்ஞுஸ் தேயி' (இறைவனின் செம்மறியே) மூன்றும் அதைவிட எவ்வளவோ எளிது. பேசுவதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தவக்காலத்தின் ஆறு ஞாயிறுக்கு இவை போதும். கூடவே 'பாத்தேர் நோஸ்தேர்', அதாவது கர்த்தர் கற்பித்த செபம். செப்டம்பர் 8-க்கு வேளாங்கண்ணியில் கொங்கணிக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் நாமும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறோம். சேர்ந்து பாட ஒரு கர்த்தர் கற்பித்த செபம்கூடப் பொதுவாக இல்லை. பல நாட்டவர் கூடும் இடங்களுக்காகவே விசுவாச அறிக்கையையும் இந்தச் செபத்தையும் இலத்தீனில் பாடத் தெரிந்திருப்பது நல்லது என்று அதே பொதுப் படிப்பினை 41-ஆம் எண்ணில் சொல்கிறது.

இலத்தீனைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது கவனம் தேவை. த-வுக்கும் ட-வுக்கும் இடையே குழம்பி ஆளுக்கொரு உச்சரிப்பாகிவிடும். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர்கள் சிலர், சின்ன வயதில் பீடத்தில் பணிசெய்தவர்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பாட வைத்து மொபைலில் பதிவுசெய்து வாட்ஸாப்பில் அனுப்புவது எந்த ஒலிபெயர்ப்பையும்விட மேல். சீக்கிரம் செய்ய வேண்டிய வேலை இது.

இலத்தீனைவிடப் பெரிய லாபம் தமிழிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடலைத்தான் சொல்கிறேன். ஞாயிறுதோறும் அது வாசிக்கப்படுகிறது, அல்லது அந்த வாரத் திருப்பாடலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாட்டைப் பாடி ஒப்பேற்றுகிறோம். கிரகோரியன் திருப்பாடல் தொனியில் எந்தத் திருப்பாடலையும் அப்படியே பாடலாம். தொடக்கத்தில் இரண்டு சுரம் ஏறி, வரி எவ்வளவு நீளமோ அவ்வளவும் ஒரே சுரத்தில் ஓடி, நடுவில் ஒரு சின்ன நெளிவு, முடிவில் ஓர் இறக்கம். இலத்தீனில் அந்த நெளிவு சொல்லின் அழுத்தத்தைப் பார்த்து விழும். தமிழில் அப்படி அழுத்தம் இல்லை. அதனால் வரியின் கடைசி நாலைந்து அசைகளை எண்ணி, நெடில் இருந்தால் அதன்மேல் இறக்கத்தை வைத்தால் இயல்பாக அமைகிறது. "ஆண்டவரே" என்று முடியும் வரி சரியாக விழும். "தந்தருளும்" போல மெய்யில் முடிபவற்றுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதை ஒவ்வொரு பாடற்குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. தமிழும் இசையும் தெரிந்த நாலு பேரை உட்காரவைத்து வாசகங்கள் சுழலும் மூன்று ஆண்டு ஞாயிறுகளுக்கும் தொனி குறித்துக் கொடுத்தால் ஒரு தலைமுறைக்குப் போதும்.

இன்னொரு தயக்கம் உங்களுக்கு இருக்கும், வெளிப்படையாகவே பேசிவிடுவோம். 2021 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸின் ஆவணம் ஒன்றால் பழைய திருப்பலி முறைக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின், இலத்தீன் என்றாலே எந்தக் கட்சி என்று பார்க்கிறார்கள். அந்த ஆவணம் கட்டுப்படுத்தியது 1962 திருப்பலி நூலின்படி நிறைவேற்றும் திருப்பலியை. நாம் ஞாயிறுதோறும் நிறைவேற்றும் திருப்பலியில் கிரகோரியன் பாடுவதை அது தொடவே இல்லை. இந்த இசையை ஒரு கட்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். அதே மாதிரி, பறையும் உறுமியும் தமிழ்க் கீர்த்தனையும் பீடத்தருகே வந்தது பெரும் போராட்டத்துக்குப் பிறகு. மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசைக்கு உரிய இடம் தர வேண்டும் என்று அதே சங்கம் 119-ஆம் எண்ணில் சொன்னது. திருவிழாவில் பறை அதிரட்டும். தவக்கால ஞாயிறில் வெறும் குரல் போதும்.

எனவே நான் கேட்பவை. குருமட மாணவர்கள் தொடக்கவுரையையும் வாழ்த்துகளையும் தமிழில் பாடிப் பழக வேண்டும்; குரு பாடாமல் மக்கள் பதில் பாட மாட்டார்கள். மறைவட்ட அளவில் பாடற்குழுத் தலைவர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி வையுங்கள், இசைக்கருவி இல்லாமல். முப்பது பக்கத்துக்குள் ஒரு சிறு புத்தகம் வெளியிடுங்கள்: இடப்பக்கம் நான்கு கோட்டுக் குறிப்பு, வலப்பக்கம் தமிழ் எழுத்தில் சொற்களும் ச ரி க ம-வும் பொருளும். பழைய மெட்டுகளுக்கு யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. அச்சுச் செலவைப் பங்குகளே பகிர்ந்துகொள்ளலாம். ரிதம் பேட் வாங்க ஒதுக்கிய பணம் பல பங்குகளில் இன்னும் செலவாகாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். விபூதிப் புதனுக்கு முன் கையில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பங்கின் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவன்